வகுப்பில் மனவரைபடம்: முதலில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

மனவரைபடம், அதாவது நடுவில் ஒரு தலைப்பு வைத்துச் சுற்றிலும் கிளை கிளையாகக் கருத்துகளை விரிக்கும் படம், நம் ஆசிரியர்களுக்குப் புதிது இல்லை. படைப்பாற்றல் கல்வி வந்த காலத்திலேயே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பாடத்தைப் படி, மனவரைபடம் போடு, தொகுத்துச் சொல் என்று அரசுப் பள்ளிகளில் தினமும் நடந்ததுதான். இப்போதும் அறிவியல் புத்தகத்தில் சில பாடங்களின் முடிவில் கருத்து வரைபடம் (கருத்துகளை அம்பால் இணைக்கும் படம்) அச்சடித்தே வருகிறது. ஆனால் நம் வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் பல பள்ளிகளில் அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், சுவரில் ஒரு சார்ட் தொங்கும், நடுவில் பூப் போட்டு தலைப்பு, சுற்றிலும் நாலு கலரில் கிளைகள், ஓரத்தில் பார்டர். வரைந்தது வகுப்பிலேயே கையெழுத்து நன்றாக இருக்கிற இரண்டு பிள்ளைகள். மீதி நாற்பது பேர் ஸ்கேல் பிடித்தார்கள், இல்லை வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த சார்ட்டில் தப்பு எதுவும் இருக்காது, புத்தகத்தைப் பார்த்து எழுதியதுதானே. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வரைபடம் பிள்ளையின் தலைக்குள் இருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும். புத்தகத்தில் இருப்பதைச் சுவருக்கு மாற்றுவதற்கு அது தேவையில்லை, புத்தகமே போதும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்ப்பிக், பிளண்ட் என்ற இரண்டு பேர் 2011ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் மாணவர்கள் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தார்கள், இன்னொரு கூட்டம் பாடத்தை மூடிவிட்டு ஞாபகத்தில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது மூடிவிட்டு எழுதியவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். இறுதித் தேர்வையே வரைபடம் வரையும் தேர்வாக வைத்துப் பார்த்தபோதும் அப்படித்தான். இதைப் படித்துவிட்டு வரைபடமே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதே இருவர் 2014ல் இன்னொன்றையும் செய்து பார்த்தார்கள். பாடத்தை மூடிவிட்டு வரைபடம் வரையச் சொன்னால் அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆக, குறை வரைபடத்தில் இல்லை, திறந்திருந்த புத்தகத்தில்தான் இருந்தது.

கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. மூடு, வரை, திற, திருத்து. இந்த வரிசை மாறக் கூடாது.

என்னென்ன வேண்டும்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். கரும்பலகை, வெள்ளையும் மஞ்சளும் சாக்பீஸ் (நீலமும் அடர் சிவப்பும் கடைசி பெஞ்சுக்குத் தெரியவே தெரியாது, அதை வாங்காதீர்கள்), பிள்ளைகளிடம் பென்சில், ஒரு பக்கம் காலியாக இருக்கிற தாள். மாத நாட்காட்டி தாளின் பின்பக்கம் குழு வேலைக்கு அருமையாக இருக்கும், வருஷக் கடைசியில் வீட்டில் இருப்பதை எடுத்து வரச் சொன்னால் வருஷம் முழுக்க ஓடும். ஒட்டும் சீட்டு வாங்கக் காசு இல்லையென்றால் ஒருபக்கத் தாளை நாலாகக் கிழித்தால் போதும்.

ஒட்டும் சீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் அது நிற்காது. நம்ம ஊர் வெயிலுக்கு ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் சீட்டெல்லாம் வகுப்பு முழுக்கப் பறக்கும், ஃபேனை நிறுத்தினால் ஏப்ரலில் யாரும் உட்கார முடியாது. அதனால் ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்கு ஒரு சணல் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு சீட்டுகளைத் தொங்கவிடுங்கள். ஒரு கிளிப்பில் ஒரு கருத்து. கருத்தை இடம் மாற்ற வேண்டுமா, கிளிப்பைக் கழற்றி வேறு கயிற்றில் மாட்டினால் வேலை முடிந்தது. பிள்ளைகள் எழுந்து நடந்து செய்வதால் தூங்கவும் மாட்டார்கள்.

எது எதற்கு

எல்லாவற்றையும் நாம் மனவரைபடம் என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் வேலைக்குத் தகுந்த மாதிரி ஆயுதம் மாறும். நடுவில் ஒரு தலைப்பு வைத்து கிளை கிளையாக விரிப்பது மனவரைபடம். 1970களில் இங்கிலாந்தின் டோனி புசான் இதைப் பரப்பினார். ஒரு பாடத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று வேகமாக அள்ளிப் போட இது நல்லது. கருத்து வரைபடம் வேறு. அதில் நடு என்று ஒன்று இல்லை, கருத்துகளைப் பெட்டியில் எழுதி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு போட்டு, அந்த அம்பின் மேல் ஒரு வினைச்சொல் எழுத வேண்டும். 1972ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் குழு இதை உருவாக்கியதே, சின்னப் பிள்ளைகளின் அறிவியல் புரிதல் வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறுகிறது என்று கண்டுபிடிக்கத்தான். ஆசிரியருக்குத் தெரியாமல் பிள்ளையின் தலைக்குள் ஒளிந்திருக்கிற தப்பைக் காட்டிக்கொடுப்பதில் இதற்கு இணை கிடையாது.

மூன்றாவது படக்குறிப்பு. ஆசிரியர் பாடம் சொல்லும்போதே சின்னச் சின்னப் படமும் சொல்லுமாக நோட்டில் குறித்துக்கொள்வது. எனக்கு வரையவே வராது சார் என்று பாதி வகுப்பு சொல்லும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016ல் வந்த ஆய்வு ஒன்று, ஒரு சொல்லை எழுதிப் பார்ப்பதைவிட அதைப் படமாக வரைந்தால் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று காட்டியது. படம் அழகாக இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. நாலு கோடு போட்டு மாடு என்று சொன்னால் மாடுதான். இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நீங்களும் கரும்பலகையில் கோணல்மாணலாகவே வரையுங்கள்.

ஒப்பிட வேண்டியது இருந்தால் வென் படம் (ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறியிருக்கும் இரண்டு வட்டம்), வரிசையாக நடப்பது இருந்தால் அம்பு போட்ட படிநிலை, வகை பிரிப்பது இருந்தால் மரம். கணக்கில் ஒரு சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு மனவரைபடம் போட வேண்டாம், அங்கே படிப்படியாக எழுதுவதே சரி.

ஒரு பாடத்தை முழுசாகப் பார்ப்போம்

வேலூர் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த வேலூர் புரட்சியை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பிலும் வருகிறது, பத்தாம் வகுப்பிலும் வருகிறது, நம்ம பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற கோட்டை அது.

முந்தின நாள் பாடம் நடத்தி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்று வகுப்புக்குள் போனதும் புத்தகத்தை மூடி பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். மேஜை மேல் மூடி வைத்தால் விரல் தானாகத் திறக்கும், அதனால் பைக்குள்ளேயே போகட்டும். கரும்பலகை நடுவில் "1806 ஜூலை 10" என்று மட்டும் எழுதுங்கள். தலைப்பு எழுத வேண்டாம். ஐந்து நிமிஷம் யாரும் யாரோடும் பேசாமல் ஆளுக்கொரு தாளில் ஞாபகம் வருவதை எல்லாம் சுற்றிலும் எழுத வேண்டும். ஒற்றைச் சொல் போதும், வாக்கியம் வேண்டாம். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம்.

இந்த ஐந்து நிமிஷத்தில் நீங்கள் சும்மா நடந்து பாருங்கள். முக்கால்வாசிப் பேர் "தலைப்பாகை" எழுதியிருப்பார்கள். "திப்பு" இருக்கும். "கில்லெஸ்பி" என்ற பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். சிலர் வெறும் "கோட்டை" என்று எழுதிவிட்டு விட்டத்தைப் பார்ப்பார்கள், அவர்களிடம் போய் "கோட்டைக்குள்ள யார் யார் இருந்தாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதிலைச் சொல்லிவிடாதீர்கள், அதுதான் கஷ்டம், வாய் வரைக்கும் வரும்.

அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து மூன்று நிமிஷம். அவனிடம் இருந்து தன்னிடம் இல்லாததை வேறு நிற மையில் சேர்த்துக்கொள்ளட்டும். நீலப் பேனாவில் எழுதியது தன் ஞாபகம், சிவப்புப் பேனாவில் எழுதியது நண்பனிடம் வாங்கியது. எது தனக்குத் தெரிந்தது, எது தெரியாதது என்று தாளைப் பார்த்தாலே பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

பிறகுதான் கரும்பலகை. ஒவ்வொரு ஜோடியும் ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏற்கெனவே சொன்னதைச் சொல்லக் கூடாது. நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் கடைசியாகக் கேளுங்கள், முதலிலேயே கேட்டால் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவாள். சொல்லச் சொல்ல நீங்கள் சும்மா சிதறவிட்டு எழுதுங்கள். புதுத் தலைப்பாகை, தோல் சின்னம், நெற்றியில் சமயக் குறி போடத் தடை, தாடியை மழிக்க உத்தரவு, கடுக்கன், சவுக்கடி, திப்புவின் மகன்கள், புலிக் கொடி, ஃபதே ஹைதர், கர்னல் ஃபேன்கோர்ட், ஆற்காடு, குதிரைப்படை, வில்லியம் பெண்டிங், கல்கத்தா. பலகை நிறைந்துவிடும்.

இப்போது கிளை பிரிக்க வேண்டும். இதில் எது எதோடு சேரும் என்று பிள்ளைகளையே கேளுங்கள். காரணம், நடந்தது, அடக்கியது, அப்புறம் ஆனது என்று அவர்களே நாலு கிளை சொல்லிவிடுவார்கள். திப்புவின் மகன்கள் எந்தக் கிளையில் வருவார்கள் என்று கேட்டால்தான் வகுப்பு சூடுபிடிக்கும். சிலர் காரணத்தில் போடச் சொல்வார்கள், சிலர் நடந்ததில். கோட்டைக்குள் அவர்கள் குடும்பம் இருந்தது ஒரு காரணம், திப்புவின் மகன் ஃபதே ஹைதரை அரசர் என்று அறிவித்துப் புலிக் கொடி ஏற்றியது நடந்தது, கடைசியில் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது அப்புறம் ஆனது. ஒரே குடும்பம் மூன்று கிளையைத் தொடுகிறது. இந்த இடத்தில்தான் மனவரைபடத்தை விட்டுவிட்டு அம்புக்கு மாற வேண்டும்.

அம்பின் மேல் என்ன எழுதுவது என்பதில் அவசரப்படாதீர்கள். "தலைப்பாகை" பெட்டியிலிருந்து "புரட்சி" பெட்டிக்கு ஒருத்தன் அம்பு போட்டு "காரணம்" என்று எழுதுவான். அது போதாது. 1805 நவம்பரில் வந்த உத்தரவு, அதை எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி, அதனால் கோபம், அந்தக் கோபம் திப்பு குடும்பத்தோடு எப்படிச் சேர்ந்தது, இத்தனையும் அந்த ஒரு அம்புக்குள் சுருண்டு கிடக்கிறது. "தலைப்பாகை மட்டும் பிடிக்கலன்னா வேலைய விட்டுட்டுப் போயிருக்கலாமே, கோட்டையை ஏன் பிடிக்கணும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் யோசிப்பார்கள். அந்த ஒரு அம்பு மூன்று அம்பாக உடையும். அம்பின் மேல் "அவமானப்படுத்தியது", "தூண்டியது", "நம்பிக்கை கொடுத்தது" என்று வினைச்சொற்கள் வரும். பாடம் புரிந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான்.

ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார் என்பதை ஒரு காலக்கோடாகத் தனியே போடுங்கள். விடியும் முன்பு தொடக்கம், காலையில் குதிரைப்படை, அன்றே முடிவு. ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் எவ்வளவு தூரம் என்று பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளுக்குத் தெரியும், இருபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில் வரும். படை அவ்வளவு பக்கத்தில் இல்லாமல் சென்னையில் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு காலிப் பெட்டி போட்டு கேள்விக்குறி வையுங்கள். அதற்கு விடை புத்தகத்தில் இல்லை, மார்க்கும் கிடையாது, ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் அதைத்தான் பேசிக்கொண்டு போவார்கள்.

கடைசி ஐந்து நிமிஷம் புத்தகத்தைத் திறக்கலாம். விட்டுப்போனதைப் பச்சையில் சேர்க்க வேண்டும், தப்பாக எழுதியதை ஒரே கோட்டில் அடிக்க வேண்டும், அழிக்கக் கூடாது. அடித்தது தெரிய வேண்டும்.

பிரைன்ஸ்டார்மிங் செய்யும்போது

பிரைன்ஸ்டார்மிங் என்றால் கூட்டாக உட்கார்ந்து தோன்றுகிற யோசனைகளை எல்லாம் கொட்டுவது. இதை ஆரம்பித்து வைத்தவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரக் கம்பெனிக்காரர். அவர் சொன்ன விதிகள் நாலு: யார் சொல்வதையும் அந்த நேரத்தில் குறை சொல்லக் கூடாது, எவ்வளவு அதிகமாக வருகிறதோ அவ்வளவு நல்லது, கிறுக்குத்தனமான யோசனையும் வரலாம், அடுத்தவர் யோசனையின் மேல் ஏறிக் கட்டலாம். விதிகள் நல்ல விதிகள்தான். ஆனால் எல்லாரும் கத்திச் சொல்லுங்கள் என்று விட்டால் வகுப்பில் நடப்பது வேறு. முதல் பெஞ்சில் நாலு பேர் கத்துவார்கள், மீதிப் பேர் தலையாட்டுவார்கள். 1958லேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, கூட்டாக உட்கார்ந்து யோசிக்கிற நாலு பேரைவிட, தனித்தனியாக யோசித்த நாலு பேரின் யோசனைகளைச் சேர்த்தால் அதிகம் வருகிறது என்று கண்டார்கள்.

அதனால் முதலில் எழுத்து, பிறகு பேச்சு. ஜெர்மனியின் பெர்ண்ட் ரோர்பாக் 1968ல் ஒரு முறை கொடுத்தார். ஆறு பேர் வட்டமாக உட்கார வேண்டும், ஆளுக்கு மூன்று யோசனை எழுத வேண்டும், ஐந்து நிமிஷம் ஆனதும் தாளைப் பக்கத்தில் தள்ள வேண்டும், வந்த தாளில் இருப்பதைப் படித்துவிட்டு அதன் கீழ் இன்னும் மூன்று. அரை மணி நேரத்தில் 108 யோசனை. நம் வகுப்புக்கு ஆறு பேரும் அரை மணியும் அதிகம். நாலு பேர், ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிஷம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு குழுவிடம் முப்பத்திரண்டு யோசனை இருக்கும். வாயே திறக்காத பிள்ளை எழுதியதும் அதில் இருக்கும், யார் எழுதியது என்று தெரியாமலே எல்லாரும் அதைப் படித்திருப்பார்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகள் பேசத் தயங்கும் வகுப்புகளில் இது பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும்.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனால் உருது பேசும் பிள்ளைகள் நிறைய. யோசிக்கும் நேரத்தில் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் சீட்டில் எழுதட்டும், இல்லை வரையட்டும். தமிழில் மாற்றுவதைப் பிறகு குழுவாகச் செய்யலாம். சொல் கிடைக்காமல் யோசனை செத்துப்போகக் கூடாது.

பாலாறு: அம்பு இரண்டு பக்கமும் போகும்

சுற்றுச்சூழல் பாடத்துக்கு வேறு எதையும் தேட வேண்டாம், பாலாற்றை எடுங்கள். "பாலாற்றில் ஏன் தண்ணீர் இல்லை?" என்று பலகையில் எழுதிவிட்டு சீட்டுகளை வாங்குங்கள். மணல் அள்ளியது, மழை இல்லை, கர்நாடகாவில் அணை, ஆந்திராவில் தடுப்பணை, சீமைக்கருவேலம், ஆக்கிரமிப்பு, போர்வெல் என்று வரும். தோல் ஷாப்பும் (தோல் பதனிடும் தொழிற்சாலை) வரும். தோல் கழிவால் தண்ணீர் கெட்டது என்பதும் தண்ணீர் வராதது என்பதும் வேறு வேறு விஷயம், இரண்டையும் பிள்ளைகள் கலந்துவிடுவார்கள், கயிற்றில் இரண்டு வரிசையாகப் பிரித்து மாட்டச் சொன்னால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஆறு நந்தி மலையில் தொடங்கி மூன்று மாநிலம் வழியாகப் போகிறது என்பதை மேலே ஒரு கோட்டுப் படமாகப் போட்டுவிடுங்கள், எந்தக் காரணம் எந்த மாநிலத்தில் என்று அதன் கீழ் நிறுத்தலாம்.

தோல் பதனிடுவது, குரோமியம், நிலத்தடி நீர், கிணறு, தென்னந்தோப்பு என்று அம்புகள் ஓடும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்கச் சட்டம் படிக்கிறவர்கள் படிக்கிற தீர்ப்பு, நம்ம ஆற்றைப் பற்றியது. அதையும் ஒரு பெட்டியாக வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் வகுப்பில் பல பிள்ளைகளின் அப்பா அம்மா தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்வார்கள். எல்லா அம்பும் கம்பெனியைக் குற்றவாளியாக்கினால் அந்தப் பிள்ளை குனிந்து உட்கார்ந்துகொள்ளும். "தோல் தொழில்" பெட்டியிலிருந்து "எங்க வீடு" என்று ஒரு பெட்டிக்கு "சம்பளம் கொடுக்கிறது" என்று அம்பு போட நீங்களே இடம் கொடுங்கள். இரண்டு அம்பும் பலகையில் இருக்கட்டும். எது சரி என்று அன்றே முடிக்க வேண்டியதில்லை, கழிவைச் சுத்திகரித்தால் எந்த அம்பு மாறும், எது மாறாது என்று மட்டும் கேளுங்கள்.

இலக்கணத்துக்கு மரம்

தொகைநிலைத் தொடர் ஆறு வகை. இதை மனப்பாடம் செய்து மறந்துபோகாத பிள்ளை குறைவு. மரம் போட்டு, கிளையில் பெயரை எழுதிவிட்டு, உதாரணத்தை மட்டும் காலியாக விடுங்கள். புத்தகத்தில் இருக்கும் உதாரணம் செல்லாது, நம்ம ஊரிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது விதி. தங்கக் கோயில் வரும்: தங்கத்தால் ஆன கோயில், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. முள் கத்தரிக்காய் வரும்: முள்ளை உடைய கத்தரிக்காய், இரண்டாம் வேற்றுமை. சுடுசோறு வினைத்தொகை, வெண்பொங்கல் பண்புத்தொகை, இட்லி சாம்பார் உம்மைத்தொகை. பாலாற்றை எந்தக் கிளையில் மாட்டுவது என்று சண்டை வரும். வரட்டும், அந்தச் சண்டையில் ஆறு வகையையும் பத்துத் தடவை சொல்லிவிடுவார்கள்.

கணினி, ஸ்மார்ட் போர்டு, ஆப்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தாளில் செய்து பழகாத வகுப்பில் ஆப்பைக் கொடுத்தால் முதல் பீரியட் முழுக்க எந்தக் கலர், எந்த எழுத்து என்றே போய்விடும். தாளில் பழகிய பிறகு ஆப் நிஜமாகவே உதவும், இழுத்து இடம் மாற்றுவது சுலபம், தூரத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய்யலாம், அழியாது.

அழியாது என்று சொன்னேன், அதிலும் ஒரு விஷயம். கூகுளின் இணைய வெள்ளைப் பலகையான ஜாம்போர்டை எத்தனையோ ஆசிரியர்கள் கொரோனா காலத்தில் பழகிக்கொண்டார்கள், 2024 டிசம்பர் 31ல் கூகுள் அதை மூடிவிட்டது. எந்த ஆப்பில் வரைந்தாலும் படமாக இறக்கி உங்கள் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பாக இறக்கினால் சில ஆப்களில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி வரும், அதனால் பிஎன்ஜி படமாக இறக்குவது பத்திரம்.

கணக்குத் தொடங்காமல் உடனே வரைய எக்ஸ்கலிட்ரா நல்லது, பிரவுசரில் திறந்தால் வெள்ளைப் பலகை வந்துவிடும். ஆனால் வரைந்தது அந்த பிரவுசருக்குள்தான் இருக்கும், லேபில் அடுத்த வகுப்பு வந்து அழித்துவிட்டால் போச்சு, முடித்ததும் கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். இணையம் இல்லாத லேபுக்கு ஃப்ரீபிளேன் இருக்கிறது, இலவசம், கிளை விரிக்கும் மனவரைபடத்துக்கென்றே செய்தது. அம்பில் சொல் எழுதும் கருத்து வரைபடத்துக்கு சிமேப் டூல்ஸ். நோவாக்கும் சேர்ந்து வேலை செய்த அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது, அதுவும் இலவசம். ஸ்மார்ட் போர்டில் எழுத ஓபன்போர்டு. பேட்லெட்டில் பிள்ளைகள் ஆளுக்கொரு சீட்டு ஒட்டலாம், இலவசக் கணக்கில் சில பலகைகள்தான் கிடைக்கும் என்பதால் பழையதை இறக்கிவிட்டு அழித்து அழித்துப் பயன்படுத்த வேண்டும். கேன்வா பள்ளி ஆசிரியர்களுக்கு இலவசமாகக் கல்விக் கணக்கு கொடுக்கிறது, ஆனால் அதில் தயாராக இருக்கும் அழகழகான வார்ப்புகள்தான் ஆபத்து, பிள்ளைகள் பெட்டியை நிரப்புவார்கள், யோசிக்க மாட்டார்கள். காலிப் பக்கத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

தமிழ் தட்டச்சு தெரியாத பிள்ளைகளுக்குப் போனிலோ டேப்பிலோ கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழ்க் கையெழுத்து முறை உண்டு, விரலால் எழுதினால் எழுத்தாக மாறும். சின்னப் பிள்ளைகளைக் கணக்குத் தொடங்க வைக்காதீர்கள், ஆசிரியர் கணக்கில் திறந்து திரையில் காட்டினால் போதும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடும்போது வரைபடத்தை மட்டும் போட்டோ எடுங்கள், பிள்ளைகளின் முகமும் பெயரும் வேண்டாம்.

ஒன்றுமே இல்லாத பள்ளியில் உங்கள் போன் கேமரா போதும். கரும்பலகையை அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ. அடுத்த வாரம் அதைக் காட்டியே தொடங்கலாம்.

மதிப்பெண்ணும் பரீட்சையும்

அழகுக்கு மார்க் போடாதீர்கள். போட்டால் அடுத்த தடவை எல்லாரும் பார்டர் போடுவார்கள். நான் பார்ப்பது மூன்று: முக்கியமான கருத்து விட்டுப்போயிருக்கிறதா, அம்பின் மேல் எழுதிய சொல் சரியா, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குக் குறுக்கே அம்பு போட்டிருக்கிறதா. குறுக்கு அம்பு ஒன்றாவது இருந்தால் அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறது. கலரைப் பொறுத்தவரை ஒரு கலருக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். சில பையன்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அவர்களுக்குக் கலருக்குப் பதில் கோட்டின் அடியில் அலை போடச் சொல்லலாம்.

பத்தாம் வகுப்பு பிள்ளையின் பெற்றோர் வந்து, நோட்டில் படம் படமா இருக்கே, கேள்வி பதில் எங்கே என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். நோட்டில் இடது பக்கம் வரைபடம், வலது பக்கம் அதே பாடத்தின் நெடுவினா விடை என்று வையுங்கள். ஒரு கிளைக்கு ஒரு பத்தி. கிளையின் பெயர் துணைத்தலைப்பு, அம்பின் மேல் இருக்கும் வினைச்சொல்தான் வாக்கியத்தின் பயனிலை. "புது உத்தரவு" பெட்டியிலிருந்து "சிப்பாய்கள்" பெட்டிக்கு "அவமானப்படுத்தியது" என்று அம்பு இருந்தால், வாக்கியம் பாதி எழுதியாகிவிட்டது. பரீட்சை ஹாலிலும் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிமிஷம் பென்சிலால் கிளை போட்டுப் பார்த்துவிட்டு எழுதப் பழக்குங்கள், கடைசியில் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம்.

பாடம் முடிந்து ஒரு மாதம் ஆனதும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் அதே "1806 ஜூலை 10"ஐ வெறும் பலகையில் எழுதி, வெறும் தாளில் மறுபடி வரையச் சொல்லுங்கள். பழைய தாளை அப்புறம் கையில் கொடுத்தால் எது தங்கியது, எது போனது என்று பிள்ளையே இரண்டையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும். போனதை மட்டும் அடுத்த நாள் நடத்தினால் போதும்.